தம்பி கோஸ்ட் கார்டில் சேரப் போகிறான், "நம்ம வள்ளத்தையே சோதனை போடவா?" என்கிறார் அப்பா

திரேஸ்புரத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தூத்துக்குடி திரேஸ்புரத்தில். அப்பா சின்ன வயதில் சங்கு குளிக்கப் போனவர், இப்போது வள்ளத்தில் வலைத் தொழில். தம்பி போன வருடம் பிளஸ் டூ முடித்தான், கணக்கும் இயற்பியலும் உண்டு. கோஸ்ட் கார்டில், அதாவது கடலோரக் காவல்படையில், நாவிக் ஜி.டி. என்ற மாலுமி வேலைக்கு எழுதப் போகிறேன் என்று தினமும் விடியற்காலையில் எழுந்து பீச் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

வீட்டில் இப்போது அதுதான் பேச்சு. தம்பியைக் கேட்டால், "புயல்ல மாட்டினவங்களத் தூக்குற வேலைக்கா" என்கிறான். அம்மா, யாரோ போனில் அனுப்பிய வீடியோவில் சீனா கோஸ்ட் கார்டு கப்பல் இன்னொரு நாட்டுப் படகின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்துவிட்டு, "இது சண்டைக்குப் போற வேலையில்லா?" என்று பயப்படுகிறாள். அப்பாதான் பெரிய சிக்கல். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ரோந்துப் படகுக்காரர்கள் வள்ளத்தில் ஏறி, சோற்றுச் சட்டியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தார்களாம். அவர்கள் எந்தத் துறை என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. "யூனிபார்ம் போட்டிருந்தான், அவ்வளவுதான். இவனும் போய் நம்ம வள்ளத்தையே சோதனை போடவா?" என்கிறார்.

எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இவர்கள் நேவியா, போலீஸா? கடத்தல் பிடிக்க ஆரம்பித்த படை என்கிறார்கள். செய்தியில் பார்த்தால் எண்ணெய் அள்ளுகிறார்கள், ஒடிசாவில் ஆமைக்குக் காவல் நிற்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் யாராவது, அங்கே நிஜமாக என்னதான் வேலை என்று சொன்னால் வீட்டில் வாசித்துக் காட்டுவேன். அப்புறம், அக்னிவீர் மாதிரி நாலு வருடத்தில் அனுப்பிவிடுவார்களா என்றும் சொல்லுங்கள்.

கரையேறியவன்:

தங்கச்சி, 1992-இல் நாவிக்காகச் சேர்ந்து, 24 வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவன் நான். வெளியே வரும்போது பிரதான் அதிகாரி, மாலுமிகளில் ஒரு மேல்பதவி. சொந்த ஊர் உங்களுக்குப் பக்கம்தான், வீரபாண்டியன்பட்டினம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கோஸ்ட் கார்டு அக்னிபத் திட்டத்தில் இல்லை, நிரந்தர வேலைதான். இதை அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள், பாதிக் கோபம் இறங்கிவிடும்.

நேவியும் இல்லை, போலீஸும் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தனிப் படை. சாம்பல் நிறக் கப்பல் என்றால் நேவி. வெள்ளைக் கப்பல், முன்பக்கம் சாய்வாகப் பட்டை என்றால் நாங்கள். மெரைன் போலீஸ் என்று நாம் சொல்வது மாநில அரசின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். கரையை ஒட்டி அவர்கள், அதைத் தாண்டி நாங்கள், அதற்கும் மேலே நேவி என்று பொதுவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் கலெக்டர் ஆபீஸிலேயே குழம்புவார்கள், அப்பா குழம்பினால் தப்பில்லை.

கடத்தலில்தான் ஆரம்பம், அது உண்மை. அறுபது எழுபதுகளில் தங்கமும் வாட்சும் டிரான்சிஸ்டரும் கடல் வழியாக வந்து குவிந்தன. சுங்கத்துறைப் படகுகளால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. நேவியை அனுப்பலாம் என்றால், கள்ளக் கைக்கடிகாரத்தைத் துரத்தப் போர்க்கப்பலா என்று கேள்வி. 1976-இல் 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம் என்று சட்டம் போட்டதும் காக்க வேண்டிய கடல் இன்னும் பெரிதாகிவிட்டது. ருஸ்தம்ஜி தலைமையில் ஒரு குழு போட்டு, 1977 பிப்ரவரி 1-ஆம் தேதி நேவி கொடுத்த இரண்டு பழைய ஃப்ரிகேட் கப்பல்களும் ஐந்து சின்ன ரோந்துப் படகுகளுமாக ஆரம்பித்தார்கள். தனிச் சட்டம் 1978 ஆகஸ்டில் வந்தது. இன்றைக்கு 150-க்கு மேல் கப்பலும் படகும் இருக்கின்றன. அதில் விக்ரம் முதல் விக்ரஹா வரை ஏழு பெரிய ரோந்துக் கப்பல்கள் நம் காட்டுப்பள்ளியில் கட்டியவை.

சரி, வேலைக்கு வருகிறேன். அப்பா சொன்ன அந்தச் சோதனையையே எடுத்துக்கொள்வோம்.

விடியற்காலை நாலரை மணி இருக்கும். கப்பலிலிருந்து ரப்பர் படகை இறக்கி நாலைந்து பேர் போவோம். விசைப்படகின் ஓரத்தில் அணைத்ததும், அலை தூக்கும் நேரம் பார்த்துத் தாவ வேண்டும். அரை நொடி பிந்தினால் முழங்கால் போச்சு. என் இடது முழங்காலில் அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. ஏறியதும் முதலில் தலை எண்ணுவோம். கடலுக்குப் போக வாங்கிய டோக்கனில் ஆறு பேர் என்று இருந்து ஏழு பேர் நின்றால் அங்கேயே கேள்வி. அப்புறம் படகுப் பதிவு, மீனவர் அட்டை, லைஃப் ஜாக்கெட். காகிதத்தை விடுங்கள், வலைதான் உண்மை பேசும். மூன்று நாளாகக் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறேன் என்று சொல்கிறவனின் வலை காய்ந்து மொறமொறவென்று கிடந்தால், ஐஸ் பெட்டியில் ஒரு செதில்கூட ஒட்டாமல் இருந்தால், டீசல் கேன் தேவைக்கு இரண்டு மடங்கு அடுக்கியிருந்தால், மனசு சும்மா இருக்காது.

சோற்றுப் பானையையும் பார்ப்போம், தங்கச்சி. எத்தனை பேருக்கு வடித்திருக்கிறார்கள் என்று அது சொல்லிவிடும். அப்பாவுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று மீனவன் மகனான எனக்குத் தெரியாதா? "அண்ணாச்சி, திறந்து பாத்துக்கிடுதேன்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறக்கலாம். கேட்காமல் திறக்கிறவர்களும் எல்லா யூனிபார்மிலும் உண்டு.

2008 வரை இந்தச் சோதனை இவ்வளவு கெடுபிடியாக இல்லை. அந்த நவம்பரில் போர்பந்தர் மீன்பிடிப் படகு ஒன்றைத் தீவிரவாதிகள் கடலில் மடக்கி, அதிலேயே ஏறி மும்பைக்கு வந்தார்கள். குபேர் என்று பெயர். அதிலிருந்த ஐந்து மீனவர்களையும் கொன்றுவிட்டார்கள். அதற்கு அப்புறம் மீன்பிடிப் படகு என்றாலே சந்தேகம் என்று ஆகிப்போனது. 12 மைலுக்கு உள்ளே இருக்கும் கடலின் பாதுகாப்பையும் எங்கள் தலையில் சேர்த்து வைத்தார்கள். கலங்கரை விளக்கங்களில் ரேடார், மீனவர்களுக்குக் கைரேகை அட்டை, வருடத்துக்கு இரண்டு தடவை சாகர் கவச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை எல்லாம் வந்தது. ஆனால் மும்பையில் ரப்பர் படகில் வந்து இறங்கியவர்களை முதலில் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டது ரேடார் இல்லை, கரையில் இருந்த மீனவக் குடியிருப்பு ஆட்கள். மரவள்ளமும் ஃபைபரும் ரேடாரில் ஒழுங்காகத் தெரியவும் தெரியாது. ஒரு சாகர் கவச் ஒத்திகையில் எங்கள் ஆட்கள் ஆறு பேர் கைலி கட்டி, தீவிரவாதி வேஷத்தில் ஒரு வள்ளத்தில் வந்தார்கள். போலீஸ் செக்போஸ்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். ஏலக்கூடத்தில் மீன் விற்கிற ஆச்சி ஒருத்திதான், "எந்த ஊரு தம்பி, கையில ஒரு கயித்துத் தழும்பு கூட இல்லியே" என்று பிடித்துவிட்டாள்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு 2013 அக்டோபர் ஞாபகம் இருக்கும். சீமேன் கார்டு ஓஹையோ என்ற கப்பலை எங்கள் நாயகி தேவி என்ற ரோந்துக் கப்பல் மடக்கித் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தது. 35 ஆட்கள், 35 துப்பாக்கிகள், 5,000-க்கு மேல் தோட்டாக்கள். பிரிட்டன்காரர், எஸ்டோனியாக்காரர், உக்ரைன்காரர், நம் நாட்டுக்காரர் எல்லாரும் அதில் இருந்தார்கள். நான் அப்போது கரை டியூட்டி. கப்பலில் ஏறியது வேறு ஆட்கள், கப்பல் வந்து கட்டியதைத்தான் நான் பார்த்தேன். சோமாலியாக் கொள்ளையருக்குப் பயந்து சரக்குக் கப்பல்கள் கூலிக்குத் துப்பாக்கி ஆட்களை வைத்துக்கொண்ட காலம் அது. அந்த ஆட்களும் ஆயுதமும் தங்கி ஏறி இறங்கக் கடலிலேயே ஒரு கிடங்கு போல இந்தக் கப்பல். கடத்தல் என்றும் சொல்ல முடியாது, தீவிரவாதம் என்றும் சொல்ல முடியாது. 2016-இல் கீழ்க் கோர்ட் ஐந்து வருடம் தண்டனை கொடுத்தது, 2017-இல் மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. 1999-இல் அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பான்காரர் கப்பலைக் கொள்ளையரிடமிருந்து எங்கள் தாராபாய் கப்பலும் நேவியும் சேர்ந்து மீட்டபோதும் இதே கதைதான்: மும்பையில் தண்டனை, மேல்முறையீட்டில் விடுதலை. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் 2022-இல்தான் வந்தது. தம்பியிடம் சொல்லுங்கள், லாக் புத்தகத்தில் நேரத்தையும் இடத்தையும் கோழி கிளறின மாதிரி எழுதக் கூடாது. பிடித்தவன் நாலு வருடம் கழித்துக் கூண்டில் ஏறி அதை வாசிக்க வேண்டி வரும்.

கடத்தல் நின்றுவிட்டதா என்றால், சரக்குதான் மாறியிருக்கிறது. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு இலங்கைப் படகில் 100 கிலோ ஹெராயின் கிடைத்தது, காலி டீசல் டேங்குக்குள் வைத்திருந்தார்கள். 2024-இல் அந்தமானில் பாரன் (Barren) தீவுப் பக்கம் மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றில் 5,500 கிலோவுக்கு மேல் மெத் என்ற போதைப்பொருள் பிடிபட்டது. டார்னியர் விமானத்திலிருந்து பார்த்துச் சொல்லி மடக்கினார்கள். மண்டபம் கடற்கரைப் பக்கம் தங்கத்தைக் கடலில் வீசிவிட்டு ஓடுவார்கள், நம் ஆட்கள் முங்கி எடுப்பார்கள். உங்கள் அப்பாவைக் கூப்பிட்டால் இன்னும் சீக்கிரம் எடுத்துவிடுவார்.

அப்புறம் ஒன்று சொல்ல வேண்டும். 2006 என்று நினைப்பு. அரிச்சல்முனையைத் தாண்டி மணல் திட்டில் இலங்கையிலிருந்து வந்த ஒன்பது பேரை இறக்கிவிட்டுப் படகுக்காரன் போய்விட்டான். நாங்கள் போகும்போது வெயில் ஏறிவிட்டது, திட்டில் நிழலுக்கு ஒரு செடி கிடையாது. முதலில் சோதனை, அப்புறம்தான் தண்ணீர் என்று உத்தரவு. அந்த நாளில் அது தப்பான உத்தரவும் இல்லை. யார் மடியில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பாட்டி சேலையில் சுற்றிய எதையோ நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நல்ல கனம். எங்களுக்குக் கை நடுங்கியது. இடது கையால் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே வலது கையால் முடிச்சை அவிழ்த்தேன். தையல் மிஷினின் தலை. மேசை, பெடல் எல்லாம் விட்டுவிட்டுத் தலையை மட்டும் கழற்றிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறாள். தம்பி கேட்கிற தூக்குகிற வேலையும் அப்பா சொல்கிற சோதனை வேலையும் எனக்கு அன்றைக்கு ஒரே நிமிஷத்தில்தான் இருந்தன.

பாம்பன் சுக்கான்:

அண்ணன் சொல்றது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. படகுக்காரன் பக்கத்தையும் தங்கச்சி கேட்டுக்கணும்.

எனக்கு ஒரு விசைப்படகு. போன சீசனில் ஒரே நாளில் மூன்று தடவை ஏறிப் பார்த்தார்கள், மூன்றும் வேற வேற ஆட்கள். பேர் சொல்லி யாரையும் வம்புக்கு இழுக்க விரும்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். டீசல் எரியுது, ஐஸ் உருகுது, வலை போட்ட ஓட்டம் மாறிப் போகுது. அதில் ஒரு பையன், இருபது வயசு இருக்கும், "பேப்பர், பேப்பர்" என்ற ஒரே வார்த்தைதான் பேசினான். நான் தமிழில் பேச, அவன் இந்தியில் பேச, கடைசியில் என் படகில் இருந்த ஒடிசாக்காரப் பையன்தான் மொழிபெயர்த்தான். எங்க கடலில் எனக்கே மொழிபெயர்ப்பு!

ஆனால் மறைக்க மாட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ராத்திரி பத்து மணிக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் முறிந்து, சோழகக் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்தால் எல்லைக் கோடு நெருங்குது. எங்க ஊரில் அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. ஆபத்துக்குக் கூப்பிடுகிற ரேடியோ சேனல் 16-இல் கத்தினேன். பதில் தமிழில் வந்தது. "அண்ணே பதறாதீங்க, நங்கூரத்தப் போடுங்க, கயிறு எத்தன பாகம் இருக்கு?" என்று கேட்டான். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. இருக்கிற கயிற்றையெல்லாம் முடிந்து இறக்கினோம், நங்கூரம் பிடிச்சுக்கிச்சு. விடியும் முன்னால் வெள்ளைக் கப்பல் வந்துவிட்டது. எல்லையைத் தாண்டாதே என்று விரட்டுவதும் இவர்கள்தான். முந்தி எல்லாம் இலங்கையில் பிடிபட்டவர்களை விடும்போது நடுக்கடலில் போய் வாங்கி மண்டபத்துக்குக் கூட்டி வந்ததும் இவர்கள்தான். இப்போது விமானத்தில் சென்னைக்கு அனுப்புகிறார்கள்.

தம்பியை அனுப்பு தங்கச்சி. ரேடியோவில் தமிழ் பேச ஆள் வேணும்.

மூணாம் எஞ்சினியர்:

அம்மாவின் பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். சரக்குக் கப்பலில் வேலை, தென் சீனக் கடல் வழியாக வருடத்துக்கு நாலைந்து தடவை போகிறேன்.

அம்மா பார்த்த வீடியோ பிலிப்பைன்ஸ் பக்கமாக இருக்கும். சீனா தன் கடல் துறைகளை 2013-இல் ஒன்றாக்கி ஒரு கோஸ்ட் கார்டு ஆக்கியது. 2018-இல் அதை ஆயுதக் காவல் படையின் கீழே, அதாவது ராணுவத் தலைமையின் கீழே கொண்டுபோனது. 2021-இல் வெளிநாட்டுப் படகுகள் மேல் ஆயுதம் பயன்படுத்தவும் சட்டம் போட்டது. அவர்களிடம் 5901 என்று ஒரு வெள்ளைக் கப்பல் இருக்கிறது, 12,000 டன். பல நாட்டுப் போர்க்கப்பல்களே அந்த அளவு கிடையாது. எதற்கு வெள்ளைக் கப்பல் என்றால், போர்க்கப்பலை அனுப்பினால் சண்டைக்கு வந்துவிட்டான் என்று உலகம் சொல்லும். இதை அனுப்பினால், என் கடலில் என் போலீஸ் ரோந்து போகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் ஸ்கார்பரோ திட்டுப் பக்கம் பிலிப்பைன்ஸ் கோஸ்ட் கார்டு படகைத் துரத்தப் போய், தங்கள் நேவியின் கப்பல் மேலேயே மோதி முன்பக்கத்தை நசுக்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது ரேடியோவில் இரண்டு நாட்டுக்காரர்களும், "நீ என் கடலில் இருக்கிறாய், வெளியே போ" என்று மாறி மாறி ஓதுவார்கள். நாங்கள் டீ குடித்துக்கொண்டே கேட்போம்.

நம்மிடம் அந்த மாதிரி இல்லை. எங்கள் ஆட்களுக்குக் கோஸ்ட் கார்டு என்றால் முதலில் ஞாபகம் வருவது 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3. கப்பலில் 24 பேர். 21 பேரைக் கோஸ்ட் கார்டு எடுத்தது, கடைசிவரை கப்பலில் நின்ற மூன்று பேரை நேவி எடுத்தது. ஒருவர்கூடச் சாகவில்லை.

கரையேறியவன்:

எஞ்சினியர் தம்பி சொன்னது சரி, ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரிய கப்பல்களிலும் 30 எம்.எம். துப்பாக்கி இருக்கிறது. போர் வந்தால் நேவியோடு சேர்ந்து நிற்க வேண்டும். இதை மறைத்து அம்மாவைச் சம்மதிக்க வைக்காதீர்கள், பின்னால் தெரிந்தால் வருத்தம்.

இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். என் சேவைக் காலத்தில் எனக்குத் தெரிந்து ஆட்கள் போனது பெரும்பாலும் சண்டையில் இல்லை. 2015 ஜூனில் எங்கள் டார்னியர் விமானம் ஒன்று ரோந்து முடித்துச் சென்னைக்குத் திரும்பும் வழியில் ராத்திரியில் காணாமல் போனது. மூன்று பேர். கப்பல்கள் ஒரு மாதத்துக்கு மேல் தேடின. கடைசியில் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில்தான் அகப்பட்டது. கடலில் எல்லாரையும் தேடுகிற படை தன் ஆட்களைத் தேடிய அந்த ஜூன் மாதத்தில் மெஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

பாம்பன் அண்ணனுக்கு: மொழி விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் முதல் மூன்று வருடம் குஜராத் பக்கம் இருந்தபோது அங்கத்து மீனவர்களுக்கு நானும் ஒரு "பேப்பர், பேப்பர்" பையன்தான். புயல் வரும் முன்னால் விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் கரைக்குத் திரும்பச் சொல்லி அறிவிக்கும்போது, தமிழ் தெரிந்தவனை எழுப்பி மைக்கைக் கையில் கொடுப்பார்கள். 2017-இல் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரி ஆட்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள், சொல்லவேண்டிய சொல் அங்கே போய்ச் சேரவில்லை. இப்போது படகுகளில் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் வைக்கிறார்கள், அதில் செய்தி அனுப்பலாம், வாங்கலாம். சிலர் அதைக் கழற்றிக் கூடையில் போட்டு மூடி வைக்கிறார்கள் என்றும் கேள்வி. எந்த இடத்தில் மீன் படுகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம்!

எர்ணாவூர்க்காரி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எண்ணெய் அள்ளுவது பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எங்கள் கரைக் கற்களுக்கு நடுவில் எண்ணெய் வந்து தார் மாதிரி உறைந்துவிட்டது. கடலில் எண்ணெய் கொட்டினால் நாடு முழுவதற்கும் பொறுப்பு ஏற்று வேலையை ஒருங்கிணைப்பது கோஸ்ட் கார்டுதான் என்று அன்றைக்குத்தான் தெரியும். அவர்களும், நகராட்சி ஆட்களும், காலேஜ் பிள்ளைகளும், எங்கள் தெருக்காரர்களும் ஒரே வரிசையில் நின்று பக்கெட்டில் அள்ளினோம். பம்பு வைத்தார்கள், அது அந்தக் கட்டியை இழுக்காமல் திணறியது. என் பக்கத்தில் நின்ற பையன் வெள்ளை பூட்ஸ் போட்டு வந்தான், மத்தியானம் அது என்ன நிறம் என்று கேட்காதீர்கள். சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தேய்த்தால்தான் கையில் ஒட்டியது போகும் என்று எங்கள் மாமியார் அவனுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். காசர்கோடு பையன், "எங்க வீட்டிலும் இதேதான்" என்று சிரித்தான்.

திரேஸ்புரத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஒரு பத்தியை விட்டுவிட்டேன், தம்பி மட்டும் தனியாக வாசித்தான்.

அப்பா நடுவில் ஒன்றும் பேசவில்லை. சோற்றுப் பானை வந்ததும், "எத்தன பேருக்கு வடிச்சிருக்குன்னா பாத்தான்? அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல" என்றார். தையல் மிஷின் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். காலையில் தம்பியிடம், "ஓடுறியே, எவ்வளவு ஓடணும்?" என்று கேட்டிருக்கிறார். சம்மதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டிருக்கிறார்.

கரையேறியவன் அண்ணனுக்கு இரண்டு கேள்விகள். ஓட்டம் எவ்வளவு, வேறென்ன தயார் செய்ய வேண்டும்? அப்புறம் இது அப்பாவின் கேள்வி: சேர்ந்தால் தூத்துக்குடியிலேயே போடுவார்களா?

கரையேறியவன்:

1.6 கிலோமீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். அப்புறம் 20 தடவை உட்கார்ந்து எழுந்திருத்தல், 10 தண்டால். கடல்கரைப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை, மணலில் ஓடிப் பழகினவன் தார் ரோட்டில் பறப்பான். எழுத்துத் தேர்வில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். நான் முன்னே சொன்ன அந்தக் கடலோரப் பாதுகாப்புக் குழுமமே மீனவர் பிள்ளைகளுக்கு மூன்று மாத இலவசப் பயிற்சி நடத்துகிறது. பக்கத்திலுள்ள மெரைன் ஸ்டேஷனில் போய் அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்கச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் 21,700, அதற்கு மேல் படிகள். முதல் பயிற்சி ஒடிசாவில் சில்காவில். நன்றாக நீந்துவேன் என்று அங்கே போய் அலட்டிக்கொள்ள வேண்டாம், நீச்சல் குளத்தில் சொன்ன முறையில்தான் நீந்த வேண்டும். நான் முதல் நாளே கடல் நீச்சல் அடித்துக் காட்டி, வாத்தியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தூத்துக்குடி முதலிலேயே கிடைக்காது. எனக்கு மண்டபம் வர ஒன்பது வருடம் ஆயிற்று. அப்பாவின் வள்ளத்தில் இவன் ஏறிச் சோதனை போடுவானோ என்ற பயமே வேண்டாம். இவன் அநேகமாக ஓகாவிலோ போர்பந்தரிலோ ஒரு குஜராத்தி அப்பாவின் படகில் நிற்பான். அதனால் ஓட்டத்தோடு சேர்த்து, "சட்டியைத் திறக்கட்டுமா" என்பதைக் குஜராத்தியிலும் இந்தியிலும் எப்படிக் கேட்பது என்று இப்போதே படித்து வைக்கச் சொல்லுங்கள்.